சௌந்தர்யாவின் இடது கால்

"இதுல உதைக்கிறது நான்தான் மேடம்" என்று சொல்லி, வந்தவள் செல்போனை மேஜைமேல் வைத்தாள்.

பூங்குழலி குனிந்து பார்த்தாள். பழைய வீடியோ கேம் சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீலக் கோட்டு போட்ட ஒரு பெண், பிரியாணிக் கரண்டியோடு பாய்ந்து வந்த மீசைக்காரனுக்கு இடது காலால் கடைசி உதையை விட்டாள். அவன் காற்றில் பறந்துபோய் ஆம்பூர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மோதி விழுந்தான். நீலக் கோட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். அதே அகன்ற நெற்றி, அதே கொண்டை, அதே முறைப்பு. எதிரே உட்கார்ந்திருந்தவளைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒட்டிய மாதிரி இருந்தது.

வந்தவள் பெயர் சௌந்தர்யா. வயது முப்பத்தைந்து. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ ஃபேக்டரியில் நான்காம் லைன் சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே நாற்பது பெண்கள் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை மதியம், அந்த நாற்பது பேருக்கும் முன்னால் அவளுடைய சஸ்பென்ஷன் ஆர்டரைப் படித்துக்காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேமில் அவள் முகம் வந்தது குற்றமில்லை. கால்தான் குற்றம்.

படத்தில் இருந்த சௌந்தர்யா கறுப்பு பூட்ஸ் போட்டிருந்தாள். இடது பூட்ஸில் குறுக்கே ஒரு சிவப்பு வார். வலதில் அது இல்லை. அச்சு அசலாக இதே பூட்ஸைத்தான் ஒரு வெளிநாட்டு வியாபாரிக்காக ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில் ரகசியமாகச் செய்திருந்தார்கள். கடைக்கு வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. அதற்குள் போன வாரம் இந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி, ஃபேக்டரிக்குள்ளும் வந்துவிட்டது. சாம்பிளைத் தைத்தது நான்காம் லைன். கேமில் இருப்பதும் அந்த லைனின் சூப்பர்வைசர். ஆகவே டிசைனை வெளியே விட்டவள் அவள்தான் என்று சாம்பிள் ரூம் தலைவர் செந்தில்குமார் எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. சரியான பதில் இல்லையென்றால் வேலை போய்விடும்.

"பதினாலு வருஷ சர்வீஸ் மேடம். இந்த கேமை யார் பண்ணாங்கன்னே எனக்குத் தெர்ல. செல்லுல பாம்பு கேம்கூட எனக்கு ஆட வராது."

வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது பூங்குழலியின் துப்பறியும் அலுவலகம். பெரும்பாலும் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்கச் சொல்லித்தான் ஆட்கள் படியேறுவார்கள். ஒரு பெண் தன்னையே வரைந்தவனைத் தேடி வந்தது அதுதான் முதல்தடவை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தௌசீப் அகமது நாற்காலியை இழுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தான். பூங்குழலியின் உதவியாளன், முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் சாயிநாதபுரத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தான். செல்போன் வந்து அந்தக் கடையை மூடிவிட்டது. அவன் வாயை மட்டும் எதனாலும் மூட முடியவில்லை.

இந்த கேமின் சரித்திரத்தை அவன்தான் சொன்னான். 'அயன் டோஜோ' என்று முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம். டிவியில் பெட்டியை மாட்டி, கேசட் செருகி ஆடுவது. அதன்மேல் பைத்தியம் விடாதவர்கள் உள்ளே புகுந்து, பழைய ஆட்களை எடுத்துவிட்டுப் புது ஆட்களையும் புது இடங்களையும் வைத்து, மறுபடி மூட்டி இலவசமாகச் சுற்றில் விடுவார்கள். மாட் என்று பெயர். அடுத்தவன் பங்களாவுக்கு நம் செலவில் வெள்ளையடிக்கிற வேலை என்றான் தௌசீப். இது 'ஆம்பூர் எடிஷன்'. இதில் பஸ் கண்டக்டர் டிக்கெட்டை வீசியே ஆளைச் சாய்ப்பார். மேல்விஷாரம் தோல் பதனிடும் ஷாப்பில் சண்டை நடக்கும்போது வழுக்கினால் டிரம்முக்குள் போய் சுற்ற வேண்டியதுதான். எந்த வெப்சைட்டிலும் கிடையாது. பென் டிரைவ் பென் டிரைவாகக் கைமாறி வருகிறது. செய்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. முதல் திரையின் மூலையில் 'ஜோடி' என்று மட்டும் போட்டிருக்கும்.

"லவ் கேஸ் மேடம்" என்றான். "எவனோ ஒருத்தன் இவங்களைப் பார்த்து உருகி உருகி வரைஞ்சிருக்கான். அதான் ஜோடி."

சௌந்தர்யா அவனை முறைத்தாள். தௌசீப் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நாற்காலியை மறுபடி ஜன்னலோரத்துக்கே தள்ளிக்கொண்டான்.

பூங்குழலிக்கு வீடியோ கேம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துப் படங்களைப் பார்த்துச் சலித்தவள். ஒரே அடியை இடம் வலமாகத் திருப்பி இரண்டு விபத்தாகக் காட்டியவர்களை அவள் பிடித்திருக்கிறாள். அதனால் எந்தப் படம் வந்தாலும் அவள் கண் முதலில் போவது, வாட்ச் எந்தக் கையில் என்பதற்குத்தான்.

கேமை ஆபீஸ் டிவியில் போடச் சொன்னாள். தௌசீப் தன்னிடம் இருந்த பென் டிரைவை லேப்டாப்பில் செருகி டிவியோடு இணைத்து, சௌந்தர்யாவின் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஆடினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பி நிறுத்தச் சொன்னாள்.

"கோட்டுல அடையாள அட்டை இடது பக்கம் இருக்கு. திரும்பினாலும் இடது பக்கமே இருக்கு. உன் கடையில இருந்த கேம்ல எல்லாம் இப்படித்தானா?"

தௌசீப் பட்டனிலிருந்து கையை எடுத்தான். இல்லை என்றான். பழைய பெட்டியில் இடம் கம்மி. ஒரு பக்கத்துக்கு மட்டும் வரைவார்கள். ஆள் திரும்பினால் அதே படத்தைக் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பிப் போடுவார்கள். வலது கண்ணில் கட்டுப் போட்டவன் திரும்பினால் கட்டு இடது கண்ணுக்குத் தாவிவிடும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த ஜோடி என்கிற ஆள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை வரைந்திருக்கிறார். ஒரு ஆளுக்கு இருநூறு படம் என்றால் இங்கே நானூறு.

"அதான் சொன்னேனே மேடம், காதல். காதலிச்சவனுக்குத்தான் இவ்வளோ பொறுமை வரும்."

"பிரியாணி மாஸ்டரைத் திருப்பு."

திருப்பினான். கரண்டி வலது கையிலேயே இருந்தது. கண்டக்டரைத் திருப்பினான். தோல்பையும் தோளை மாற்றவில்லை.

"மாஸ்டர் மேலயும் காதலா? கண்டக்டர் மேலயுமா?"

பூங்குழலி சௌந்தர்யாவிடம் திரும்பி, ஒரு நாளைக்கு எவ்வளவு தைப்பீர்கள் என்று கேட்டாள். எண்ணூறு ஜோடி என்றாள் சௌந்தர்யா. சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது.

"ஷூ ஃபேக்டரி ஆளு" என்றாள் பூங்குழலி. "இடம் வலத்துல இவ்வளவு கறார் யாருக்கு இருக்கும் அங்க?"

சௌந்தர்யா தயங்காமல் சொன்னாள். பேட்டர்ன் ரூம். தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்று வரைகிறவர்கள். இடது காலுக்கு வரைந்ததைத் திருப்பிப் போட்டால் வலது கால் வந்துவிடும். ஆனால் கூடவே கம்பெனி பேரும் திரும்பிவிடும். ஒரு தடவை ஒரு கன்டெய்னர் முழுக்கப் பேர் இடம் வலம் மாறிப் போய்த் திரும்பி வந்தது. அதிலிருந்து பேட்டர்ன் ரூமில் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதான். ஆனால் இத்தனை வருஷத்தில் அந்த ரூமில் இருபது பேர் வந்து போயிருப்பார்கள். அதில் எவரென்று எப்படிச் சொல்வது?

தௌசீப்புக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. இந்த கேமில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தனி வித்தை உண்டு. மாஸ்டர் கொதிக்கக் கொதிக்கச் சோறு வீசுவார். சௌந்தர்யாவுடைய வித்தை மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. மூன்று பட்டனையும் சேர்த்து அழுத்தினான். திரையில் நீலக் கோட்டுக்காரி இடது காலைத் தரையிலிருந்து மெல்லத் தூக்கினாள். அவ்வளவுதான். பாய்ந்து வந்த கண்டக்டர் அந்தரத்தில் நின்றார். பறந்த டிக்கெட் நின்றது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரயிலும் நின்றது. இரண்டு விநாடி கழித்துத்தான் எல்லாம் மறுபடி அசைந்தது.

"அடியும் இல்ல உதையும் இல்ல. காலைத் தூக்கினா உலகமே நிக்குது. இது இன்னா கணக்கு?" என்றான்.

சௌந்தர்யா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பெடல் என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் சூப்பர்வைசர் இல்லை. மெஷினில் உட்காரும் டெய்லர். அப்போதிருந்த ஃப்ளோர் மேனேஜர் ஒரு நாள் பேட்டர்ன் ரூம் பெண் ஒருத்தியை லைனுக்கு நடுவே நிற்கவைத்துக் கத்தினார். தப்பு அவள் செய்தது அல்ல என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். சௌந்தர்யா ஒரு வார்த்தை பேசவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். பக்கத்து மெஷின்காரி பார்த்தாள், அவளும் எடுத்தாள். ஒரு நிமிஷத்தில் நாற்பது மெஷினும் நின்றுபோனது. அந்த அமைதியில் மேனேஜரின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அவருக்கே கூச்சமாகி நிறுத்திவிட்டார்.

அந்தப் பெண் ஷஹீன் பானு. அடுத்த மாதமே கல்யாணமாகி மேல்விஷாரம் போய்விட்டாள். சௌந்தர்யா அவளோடு அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

பழைய ஆட்கள் இரண்டு பேருக்கு போன் போட்டதில் விலாசம் கிடைத்தது. சௌந்தர்யா தானும் வருவதாக எழுந்தாள். பூங்குழலி வேண்டாம் என்றாள். விசாரணைக்கு முதல் நாள் இருவரும் சந்தித்ததாக ஒரு பேச்சு கிளம்பினால், சேர்ந்து செய்ததாக ஆகிவிடும்.

பிற்பகல் மூன்று மணிக்கு தௌசீப்பின் பைக் மேல்விஷாரத்தில் ஒரு பச்சைக் கதவின் முன் நின்றது. வழியெல்லாம் அவன் தன் காதல் கேஸுக்கு உயிர் கொடுத்துக்கொண்டே வந்தான். ஷஹீனுக்கு ஒரு தம்பி இருப்பான், அக்கா சொன்ன கதையைக் கேட்டு அவன்தான் உருகியிருப்பான் என்றான்.

கதவைத் திறந்தது ஷஹீனின் மாமியார். தௌசீப் சலாம் சொல்லி உருதுவில் நாலு வார்த்தை பேசியதும் நாற்காலி கிடைத்தது, டீ வந்தது. ஷஹீன் வந்து எதிரே நின்றாள். முப்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, விரல் நுனியில் பென்சில் கரி. பக்கத்துப் பெண்களுக்கு ட்யூஷன் எடுப்பதாகச் சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார். அயன் டோஜோ என்ற பேரைப் பூங்குழலி எடுத்ததும் ஷஹீன், அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

தௌசீப் வீட்டைச் சுற்றிலும் பார்த்தான். தம்பி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, யாருக்கோ சொல்கிற மாதிரி, கேம் நல்லாத்தான் இருக்கு, செய்தவனுக்கு வேகம்தான் தெரியவில்லை, பிரியாணி மாஸ்டரின் மூன்றாவது உதை ரொம்ப லேட் என்றான்.

"அது தப்பில்ல" என்றாள் ஷஹீன். "அவருக்கு முட்டி வலி."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷஹீன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். தௌசீப் தன் காதல் கேஸை அந்த டீ டம்ளருக்குள்ளேயே மூழ்கடித்துவிட்டான்.

அதற்குமேல் அவள் மறைக்கவில்லை. சின்ன வயதில் அண்ணன்களோடு ஆடிய ஆட்டம் அது. அவர்கள் விட்டுவிட்டார்கள், அவள் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பேட்டர்ன் வரைந்த கை சும்மா இருக்க முடியாமல் தவித்தது. மூன்று வருஷமாக, மத்தியானத்தில் வீடு தூங்கும்போது வரைந்தாள்.

சௌந்தர்யா சஸ்பெண்ட் ஆன விஷயத்தை பூங்குழலி சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. ஃபேக்டரியின் ரகசிய பூட்ஸை யார் உனக்குக் காட்டியது, அந்த ஒரு பெயர் போதும் என்று பூங்குழலி கேட்டாள்.

ஷஹீனுக்குக் கேள்வியே புரியவில்லை.

"யாரும் காட்டலையே. அது என்னோடது. கேமுக்காக நான் வரைஞ்ச பூட்ஸு."

உள்ளே போய் ஒரு பைலோடு வந்தாள். கிராஃப் தாளில் பென்சில் படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி. பூட்ஸின் முதல் படம் போன வருஷம் செப்டம்பரில் வரைந்தது. ஃபேக்டரி சாம்பிள் செய்தது இந்த வருஷம் மார்ச்சில்.

பூங்குழலி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து, ஃபேக்டரியிலிருந்து கேமுக்குப் போன திருட்டு என்றுதான் அவளும் தேடிக்கொண்டிருந்தாள். வழி சரிதான், போன திசைதான் தப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோ வந்த நாளையே கேம் பிறந்த நாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"இந்தப் படத்தை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

காட்டியிருந்தாள். ஜனவரியில் பழைய ஃபேக்டரியின் சாம்பிள் ரூமில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியுமா என்று மெயில் அனுப்பினாள். தன் வரைபடங்களில் பத்தைக் கூட வைத்தாள். இடம் காலி இல்லை என்று நாலே நாளில் பதில் வந்தது. கீழே செந்தில்குமார் என்று பெயர் இருந்தது.

பூங்குழலி மெயிலின் நகலும் இந்தத் தாள்களும் போதும் என்றாள். ஷஹீன் நேரில் வரவேண்டிய கட்டாயமில்லை. ஷஹீனுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். பழைய கேமுக்குச் சொந்தக்காரக் கம்பெனி எங்கோ இருக்கிறது. நாளைக்கு அவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது. இந்த வீட்டில் ஒருவருக்கும் அவள் என்ன வரைகிறாள் என்பதே தெரியாது. அவள் பைலை மூடினாள், திறந்தாள்.

"அன்னைக்கு அவங்க எனக்காக லைனையே நிறுத்தினாங்க. நான் ஜெராக்ஸ் அனுப்பிட்டு வீட்டுல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? வர்றேன்."

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "பத்து மணிக்கு ஆம்பூர்னா ஏழு மணிக்கே பஸ் ஏறணும். காலை நாஷ்டா நான் பார்த்துக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஃபேக்டரியின் ஜெனரல் மேனேஜர் வக்கார் அகமதுவின் அறையில் விசாரணை தொடங்கியது. அவர் அதிகம் பேசாதவர். மேஜைமேல் அந்த பூட்ஸ் ஜோடி இருந்தது. செந்தில்குமார் சுருக்கமாகவும் தெளிவாகவும் குற்றத்தைச் சொல்லி முடித்தார். சௌந்தர்யா தன் தரப்பு சாட்சி என்று பூங்குழலியை உள்ளே அழைத்தாள்.

பூங்குழலி பூட்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்றாள். பிறகு செந்தில்குமாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க மேனேஜரிடம் அனுமதி வாங்கினாள்.

"சிவப்பு வார் எதுக்கு சார் இடதுல மட்டும்?"

அது ஃபேஷன் என்றார் அவர். இப்போது வெளிநாட்டில் ஜோடி சேராமல் போடுவதுதான் நடப்பு.

"சரி. வலதுல போட்டு இடதுல விட்டிருக்கலாமே. ஏன் இடது?"

செந்தில்குமார் யோசித்தார். அதற்கென்று ஒரு காரணமும் இல்லை, சும்மா அப்படி அமைந்தது என்றார்.

பூங்குழலி கதவைத் திறந்தாள். ஷஹீன் பைலோடு உள்ளே வந்தாள். அவளைப் பார்த்ததும் செந்தில்குமாரின் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது, அவர் எடுக்கவில்லை. அதே கேள்வியை பூங்குழலி மறுபடி கேட்டாள்.

"கேம்ல ஆளுங்க கட்டைவிரல் உயரம்தான் இருப்பாங்க" என்றாள் ஷஹீன். "எந்தக் கால் வருதுன்னே தெரியாது. இடது கால் உதை சீக்கிரம் வரும், அடி கம்மி. வலது கால் லேட்டா வரும், அடி ஜாஸ்தி. எதிர்ல ஆடுறவங்களுக்கு ஒரு அடையாளம் வேணும்ல. சிவப்பு தெரிஞ்சா உடனே தடுக்கணும். அதுக்குத்தான் சார்."

வக்கார் அகமது பூட்ஸைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் பிரிவுக்கு போன் செய்து, ஜனவரி மாதம் சாம்பிள் ரூமுக்கு வந்த மெயில்களைத் தன் திரைக்கு அனுப்பச் சொன்னார். ஐந்து நிமிஷத்தில் மெயில் வந்தது. ஏழாவது வரைபடத்தில் பூட்ஸ் இருந்தது. சிவப்பு வாருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், 'இடது – வேக உதை' என்று எழுதியிருந்தது.

செந்தில்குமார் மறுக்கவில்லை. சீசனுக்குப் பத்து புது டிசைன் கேட்கிறீர்கள் சார், எனக்கு ஒன்பதோடு நின்றுபோயிற்று என்றார். பத்தாவதை ஷஹீனின் மெயிலிலிருந்து எடுத்திருந்தார். வீடியோ வந்ததும், மாட்டிக்கொள்ளாமல் இருக்க முதல் ஆளாகப் புகாரும் எழுதினார். சௌந்தர்யாவை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மேனேஜர் ஷஹீனிடம் வேலையைப் பற்றியும் டிசைனில் அவள் பெயரைப் போடுவதைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். பிறகு சௌந்தர்யாவிடம், நாளையிலிருந்து வரலாம் என்றார்.

"சஸ்பென்ஷனை லைன்ல நிக்கவச்சுப் படிச்சாங்க சார்" என்றாள் சௌந்தர்யா. "இதையும் அங்கயே படிக்கணும்."

வக்கார் அகமது ஒரு நொடி யோசித்து எழுந்தார். அவரே நான்காம் லைனுக்கு நடந்துபோய், நாற்பது பேருக்கு முன்னால் மைக்கில் படித்தார். படித்து முடித்ததும் எழுந்த கைதட்டல், கேட்டுக்கு வெளியே நின்றிருந்த தௌசீப்புக்கும் கேட்டது.

வெளியே வந்த சௌந்தர்யாவும் ஷஹீனும் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமர நிழலில் முதல்முதலாக நேருக்கு நேர் நின்றார்கள். ஷஹீன்தான் முதலில், கேட்காமல் வரைந்ததற்கு மன்னிக்கச் சொன்னாள். வேண்டாமென்றால் அடுத்த எடிஷனில் எடுத்துவிடுவதாகச் சொன்னாள். சௌந்தர்யா தலையசைத்து மறுத்தாள். பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நான் தோத்துப்போனா அதுல எப்படி விழுவேன்?"

ஷஹீன் தரையைப் பார்த்தாள். எல்லோருக்கும் தோற்று விழுகிற படம் ஒன்று வேண்டும். மாஸ்டருக்கு வரைந்தாள், கண்டக்டருக்கு வரைந்தாள்.

"உங்களுக்கு மட்டும் வரையல அக்கா. கை வரல. நீங்க தோத்தா கேம் அப்படியே நின்னுடும்."

தௌசீப் நெற்றியில் அடித்துக்கொண்டான். அந்த இடத்தில் தன் லேப்டாப்தான் கெட்டுப்போய்விட்டது என்று நேற்று அரை மணிநேரம் அதைத் தட்டிக்கொண்டிருந்தானாம்.

சௌந்தர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வரைஞ்சுடு" என்றாள். "விழுறத வரை. அப்புறம் எழுந்திரிக்கிறதையும் சேர்த்து வரை."

எப்படி எழுவீர்கள் என்று ஷஹீன் கேட்டாள். கேட்டுக்கொண்டே பைலில் வெற்றுத் தாளைத் தேடினாள். சௌந்தர்யா சுற்றும் முற்றும் பார்த்தாள். செக்யூரிட்டி, டீக்கடைக்காரர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வேப்பமரத்தடி மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவை அக்கா" என்றாள் ஷஹீன், பென்சிலை ஓட்டியபடி. "இப்போ அந்தப் பக்கம் திரும்பி."